ஏழு ஓட்டு மண்டபம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். 1740-இல் பாஸ்டன் ஊர்க்காரர்கள் பல்லைப் பார்த்ததோடு நிற்கவில்லை. மாடு வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பே நடத்திவிட்டார்கள். அப்போது அமெரிக்கா என்றொரு நாடு பிறக்கவில்லை. பாஸ்டன் இங்கிலாந்து மன்னரின் குடியேற்றப் பகுதி. பீட்டர் ஃபேன்யூல் என்ற பெரும் வியாபாரி, “என் சொந்தச் செலவில் ஊருக்கு ஒரு சந்தைக் கட்டடம் கட்டித் தருகிறேன்” என்று முன்வந்தார். ஜூலை 14-ஆம் தேதி ஊர்க்கூட்டம் கூடியது. அவருக்கு நன்றி சொல்லும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கட்டடத்தை வாங்கிக்கொள்வதா என்ற கேள்வி வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. வேண்டும் என்றவர்கள் 367 பேர், வேண்டாம் என்றவர்கள் 360 பேர்.

ஏழே ஏழு ஓட்டு. அன்று நாலு பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் போயிருந்தால், பிற்காலத்தில் ‘சுதந்திரத்தின் தொட்டில்’ என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஃபேன்யூல் ஹால் இருந்திருக்காது.

இனாமாக வருவதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? சந்தை என்ற சொல்லே அந்த ஊருக்கு ஆகாது. காய்கறியும் மீனும் வாசலுக்கு வரவேண்டும், வாசலில் நின்று பேரம் பேசவேண்டும், அதுதான் பழக்கம். சந்தை என்று ஒன்று வந்தால் நேரம், விதி, மேற்பார்வை எல்லாம் வரும், விலை ஏறும். 1734-இல் ஊர் நிர்வாகம் மூன்று இடங்களில் சந்தை அமைத்துப் பார்த்தது. 1737-இல் ஒரு கும்பல் ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒரு சந்தைக் கட்டடத்தை இடித்துத் தள்ளியது. வந்தவர்களில் சிலர் பாதிரியார் வேடம் போட்டிருந்தார்கள். பின்னாளில் இதே ஊர்க்காரர்கள் செவ்விந்தியர் வேடம் போட்டுத் தேயிலைக் கப்பலில் ஏறினார்கள் என்று சரித்திரம் சிலிர்த்துப் போகிறது. ஒத்திகை 36 வருஷம் முன்பே நடந்துவிட்டது, வேடம்தான் வேறு.

ஆகவே 1740-இல் ஒரு சமரசம். சந்தை இருக்கட்டும், ஆனால் நாட்டுப்புற வியாபாரிகள் இஷ்டப்பட்ட இடத்தில் விற்கத் தடையில்லை. யாரும் வரவேண்டிய கட்டாயமில்லாத சந்தைக்குப் பெயர் சந்தையா என்று ஃபேன்யூல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, சந்தைக்கு மேலே ஊர்க்கூட்டம் நடத்த ஒரு கூடத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். வரைபடம் போட்டவர் ஜான் ஸ்மைபர்ட். அவர் கட்டடக் கலைஞர் அல்ல, ஓவியர். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் ஃபேன்யூலின் திருமுகத்தை வரைந்திருந்தார். முகம் திருப்தியாக வந்ததால் கட்டடத்தையும் அவரிடமே விட்டுவிட்டார் போலும்.

இந்த ஃபேன்யூலின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடிவந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். சித்தப்பாவோ பெரியப்பாவோ, ஆண்ட்ரூ ஃபேன்யூல் என்றொரு பெரியவர் பாஸ்டனில் கொழுத்த பணக்காரர், பிள்ளை கிடையாது. சொத்து அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை: வாரிசு கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. முதலில் கண் வைத்திருந்தது பெஞ்சமின் மேல். அவர் காதலில் விழுந்து கல்யாணம் கட்டிக்கொண்டார். உயிலில் அவருக்கு எழுதி வைத்தது ஐந்து ஷில்லிங். அண்ணன் பீட்டர் பிழைக்கத் தெரிந்தவர். பிரம்மச்சாரியாக இருந்து, 1738-இல் பெரியவர் கண்ணை மூடியதும் ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆனார்.

மீன், ஒயின், ரம், சர்க்கரைப்பாகு என்று எதிலும் வியாபாரம் செய்தார். சுங்கவரியைக் கண்டால் அவருடைய கப்பல்களுக்குத் திசை மாறிவிடும் என்று கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்களையும் வாங்கி விற்றார். ஆப்பிரிக்காவுக்குப் போன அவருடைய அடிமைக் கப்பல் ஒன்றின் பெயர் ‘ஜாலி பேச்சிலர்’. குஷிப் பிரம்மச்சாரி! தன் வாழ்க்கைச் சரித்திரத்தை இரண்டே சொல்லில் கப்பலின் முதுகில் எழுதி அனுப்பியிருக்கிறார். இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுதந்திரத்தின் தொட்டிலுக்கு மரம் வாங்கிய காசில், கப்பலின் அடித்தட்டில் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் விலையும் கலந்திருக்கிறது.

(ஊருக்கு இந்த ராசி புதிதல்ல. நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து, கைச்சுத்தம் பற்றிய புகார்களோடு பதவி இழந்த எலிஹு யேல் பிறந்ததும் இதே பாஸ்டனில்தான். அவரும் கொஞ்சம் சரக்கைத் தானம் செய்து ஒரு கல்லூரிக்கே பெயராகிவிட்டார். கொடுத்ததைக் கல்லில் வெட்டுவார்கள், சம்பாதித்ததை எவன் வெட்டப் போகிறான்.)

1742 செப்டம்பரில் கட்டடம் முடிந்தது. உச்சியில் செப்பில் செய்து தங்கமுலாம் பூசிய ஒரு வெட்டுக்கிளி, காற்று வீசும் திசையைக் காட்ட. செய்தவர் ஷெம் டிரௌன் என்ற உலோகத் தொழிலாளி. சிங்கமில்லை, கழுகில்லை, வெட்டுக்கிளி. லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மேலும் ஒரு வெட்டுக்கிளி உண்டு. வியாபாரிகளுக்குள் அது ஒரு கௌரவம். விவசாயிகள் யாரையும் கலந்து பேசவில்லை என்று தெரிகிறது.

அடுத்த மார்ச்சில் ஃபேன்யூல் மகோதரம் வந்து இறந்துபோனார். வயது 42. புது மண்டபத்தில் நடந்த முதல் பெரிய கூட்டமே அவருக்கு இரங்கல் கூட்டம்தான். பள்ளித் தலைமையாசிரியர் ஜான் லவல் பேசினார். இங்கே சுதந்திரம் தழைக்க வேண்டும், மன்னர் மீது விசுவாசமும் தழைக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் இரண்டு வரம் கேட்டார். முப்பது வருஷத்தில் முதல் வரம் இரண்டாவதைத் தின்றுவிட்டது. விசுவாசம் மாறாத லவல் கடைசியில் ஆங்கிலப் படையோடு கப்பலேறிக் கனடாப் பக்கம் போய்ச் சேர வேண்டியதாயிற்று.

ஃபேன்யூல் உயில் எழுதவில்லை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஆகவே சொத்து சட்டப்படி யாரிடம் போயிற்று? கல்யாணம் கட்டிய குற்றத்துக்காக ஐந்து ஷில்லிங்கோடு துரத்தப்பட்ட தம்பி பெஞ்சமினிடம். பெரியவர் கல்லறையில் புரண்டிருப்பார்.

1761 ஜனவரியில் தீப்பிடித்தது. சுவர்கள்தான் மிஞ்சின. வெட்டுக்கிளியும் தப்பியது, ஆறு வருஷம் முன்பு பூகம்பத்தில் கீழே விழுந்தும் பிழைத்த ஜந்து அது. திரும்பக் கட்டப் பணம்? ஊர் யோசித்தது. வரி போட்டால் கலகம் வரும். லாட்டரிச் சீட்டு விற்றார்கள். பிற்காலத்துச் சீட்டுகளில் ஜான் ஹான்காக் கையெழுத்து இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட அதே ஆசாமி. கை பழகியது லாட்டரிச் சீட்டில் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 1763-இல் மண்டபம் மறுபடி திறந்தது. ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வக்கீல் அதைச் சுதந்திரத்துக்கே காணிக்கை என்று முழங்கினார்.

அடுத்த வருஷமே இங்கிலாந்து சர்க்கரைக்கு வரி போட்டது. அதிலிருந்து மண்டபத்துக்கு ஓய்வில்லை. சர்க்கரை வரிக்குக் கண்டனம், முத்திரைத்தாள் வரிக்குக் கண்டனம், எல்லாவற்றுக்கும் ஊர்க் கிளர்ச்சிக்காரர் சாமுவேல் ஆடம்ஸ் கண்டனம். 1768-இல் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்குத் தங்க இடமில்லை. எங்கே படுக்க வைத்தார்கள்? சுதந்திரத்துக்குக் காணிக்கையான அதே மண்டபத்தில்.

தேயிலை விவகாரத்துக்கு வருவோம். 1773 நவம்பர் 29, வரி போட்ட தேயிலையோடு கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, ஊரே மண்டபத்தில் திரண்டது. இடம் போதவில்லை. ஆயிரக்கணக்கில் நின்ற கூட்டம் கொஞ்ச தூரத்திலிருந்த ஓல்ட் சவுத் தேவாலயத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. டிசம்பர் 16-ஆம் தேதி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டக் கிளம்பியதும் அங்கிருந்துதான். தொட்டில் கட்டிய இடம் ஒன்று, பிள்ளை பிறந்த இடம் ஒன்று. தொட்டில் சின்னது என்ற உண்மையைச் சுற்றுலா வழிகாட்டிகள் அதிகம் அழுத்திச் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். 1775-இல் போர் மூண்டது. ஆங்கிலப் படை பாஸ்டனுக்குள், ஜார்ஜ் வாஷிங்டனின் படை ஊரைச் சுற்றி வெளியே. உள்ளே மாட்டிக்கொண்ட அதிகாரிகளுக்குப் பொழுது போகவில்லை. அவர்களில் ஜெனரல் பர்கோய்ன் நாடகப் பித்து. பாஸ்டனோ பரம பக்திமான்கள் ஊர். 1750-இல் சட்டம் போட்டு நாடகத்தையே தடை செய்தவர்கள். அதனாலேயே அதிகாரிகளுக்கு ஆசை இரட்டித்தது. ஓல்ட் சவுத் தேவாலயத்தைக் குதிரை ஓட்டிப் பழகும் கொட்டிலாக்கினார்கள். ஃபேன்யூல் ஹாலை நாடகக் கொட்டகையாக்கினார்கள். குதிரைச் சாணத்தோடு ஒப்பிட்டால் மண்டபத்துக்குக் கிடைத்தது மரியாதைதான்.

‘பாஸ்டன் முற்றுகை’ என்று ஒரு கேலி நாடகத்தைப் பர்கோய்ன் எழுதியதாகச் சொல்வார்கள். அரங்கேறுவதற்குள் அவர் இங்கிலாந்து போய்விட்டார். 1776 ஜனவரி 8, மண்டபம் நிறையச் சீருடை. மேடையில் ஜார்ஜ் வாஷிங்டன் வேடம்: பெரிய டோப்பா, துருப்பிடித்த நீளக் கத்தி, கோணல் நடை. கொல்லென்று சிரிப்பு. அந்த நேரம் பார்த்து ஒரு சார்ஜெண்ட் மூச்சிரைக்க ஓடிவந்து, எதிரிகள் பங்கர் ஹில் பக்கம் நம் காவல் நிலைகளைத் தாக்குகிறார்கள் என்று கத்தினார். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. என்ன இயல்பான நடிப்பு! சார்ஜெண்ட் மறுபடி கத்தினார். மறுபடி கைதட்டல். அது நாடகமில்லை, வெளியே வாஷிங்டனின் ஆட்கள் நிஜமாகவே வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தபோது, சீருடைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கதவைத் தேடினார்கள். மேடையில் பெண் வேடம் கட்டியிருந்த அதிகாரிகள் பாவாடையோடு படைக்கு ஓடியதாகவும் கதை உண்டு. நிஜமா தெரியாது, நிஜமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மார்ச் 17-ஆம் தேதி ஆங்கிலப் படை ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிற்று.

நாடு பிறந்தது. மண்டபம் போதாது என்ற புகாரும் வளர்ந்தது. 1805-06-இல் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் புல்ஃபின்ச் அகலத்தை இரண்டு மடங்காக்கினார், மூன்றாவது மாடி எழுப்பினார். 1898-99-இல் தீக்குப் பயந்து மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு இரும்பும் கல்லும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஃபேன்யூல் எழுந்து வந்து பார்த்தால், இது யார் வீட்டு மண்டபம் என்றுதான் கேட்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்டபத்தின் சுபாவம் முழுசாக வெளிப்பட்டது. அதற்குக் கொள்கை கிடையாது. கல்யாண மண்டபத்துக்கு எந்த ஜோடி என்ற கவலை உண்டா? தேதி காலியாக இருந்தால் சரி. 1837-இல் அடிமை முறைக்கு எதிராக எழுதிய பத்திரிகையாளர் லவ்ஜாயை இலினாயில் கொன்றபோது, வெண்டல் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர் இங்கே நின்று பேசிப் பெயர் வாங்கினார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இங்கே பேசினார். 1854-இல் தப்பிவந்த ஆன்டனி பர்ன்ஸ் என்பவரைப் பிடித்து வைத்தபோது, இங்கே கூட்டம் நடத்திய கையோடு ஆட்கள் கோர்ட்டுக் கதவை உடைக்கக் கிளம்பினார்கள். உடைத்தும், மீட்க முடியவில்லை. நாலே வருஷம் கழித்து 1858-இல் இதே மேடையில் விருந்தாளியாக வந்து பேசியவர் ஜெஃபர்சன் டேவிஸ். அடிமை முறையைக் காப்பாற்றத் தனி நாடு கண்ட தென் மாநிலங்களுக்கு மூன்று வருஷத்தில் ஜனாதிபதி ஆனவர். மண்டபம் முகம் சுளிக்கவில்லை. அடிமை வியாபாரி கட்டிய கூரை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிழல்.

ஒரு முறை மண்டபத்துக்கு ரோஷம் வந்தது. டேனியல் வெப்ஸ்டர் மாசசூசெட்ஸின் மகா பேச்சாளர். 1850 மார்ச் 7-ஆம் தேதி, தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தையும் சேர்த்து ஆதரித்துப் பேசித் தொலைத்தார். அடுத்த வருஷம் அவருக்கு வரவேற்பு நடத்த ஃபேன்யூல் ஹாலைக் கேட்டபோது நகர நிர்வாகம் கொடுக்க மறுத்தது. அவமானம்! இன்று அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் மேடைக்குப் பின்னால் முதலில் கண்ணில் படுவது 30 அடி அகலத்துக்கு ஓர் ஓவியம். ஜார்ஜ் ஹீலி வரைந்தது. நடுவில் கம்பீரமாக நின்று பேசிக்கொண்டிருப்பவர் சாட்சாத் வெப்ஸ்டர். ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்காத மண்டபத்தில் நிரந்தரமாகக் குடியேறி, எவன் மைக் பிடித்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகுதான் அரசாங்கத்துக்கு இது சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கட்டடம் என்று தோன்றியது. 1935-லேயே அதற்குச் சட்டம் இருந்தது. கோப்பு நகர்ந்து, ‘தேசிய வரலாற்றுச் சின்னம்’ என்ற அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியது 1960-இல். முதல் அங்கீகாரம் யாருக்கு? சுதந்திரத்தின் தொட்டிலுக்கு இல்லை. ஐயோவா மாநிலத்தில் சார்ஜெண்ட் ஃபிளாய்ட் என்பவருக்கு எழுப்பிய 100 அடி நினைவுத் தூணுக்கு. 1804-இல் லூயிஸ், கிளார்க் குழுவோடு மேற்கே கிளம்பிய ஃபிளாய்ட், அநேகமாகக் குடல்வால் அழற்சியால், பாதி வழியில் இறந்துபோனார். அந்தப் பயணத்தில் இறந்தவர் அவர் ஒருவரே. 1960 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, 92 இடங்களுக்குச் சேர்த்து அறிவிப்பு வந்தது. அதில் ஒன்றாக ஃபேன்யூல் ஹாலும். சந்தையா சுதந்திரமா என்று 220 வருஷம் குழம்பிய கட்டடம், 92-இல் ஒன்றாக வரிசையில் நின்று வெண்கலப் பலகை வாங்கிக்கொண்டது.

அந்த அங்கீகாரத்தின் அதிகாரம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். சின்னமாக அறிவித்த கட்டடத்தைத் தனியார் சொந்தக்காரர் தன் காசில் இடித்தால் மத்திய அரசு தடுக்க முடியாது. வருத்தப்படலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம். ஃபேன்யூல் ஹால் நகரத்துக்குச் சொந்தம் என்பதால் அந்த ஆபத்து இல்லை.

தேசியச் சின்னத்தின் உச்சியில் உட்கார்ந்தும் வெட்டுக்கிளிக்குக் காவல் கிடைக்கவில்லை. 1974 ஜனவரியில் ஒரு நாள் பார்த்தால் காணோம்! ஊரே பதறியது. ஹெலிகாப்டரில் வந்து தூக்கிப் போயிருப்பார்களோ என்றெல்லாம் பேசினார்கள். சில நாளில் வேறொரு வழக்கில் மாட்டிய ஒரு பழைய கோபுர வேலைக்காரர், தன்மேல் கொஞ்சம் தயவு காட்டினால் இடத்தைச் சொல்கிறேன் என்று போலீசிடம் பேரம் பேசினார். போய்ப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி ஊரைவிட்டே போகவில்லை; அதே மண்டபத்தின் கூம்புக்குள் பழைய கொடித்துணிகளுக்கு அடியில் படுத்திருந்தது.

அங்கீகாரம் வந்ததால் மண்டபத்துக்குப் புதிதாகக் கொள்கை வந்துவிடவில்லை. 2004-இல் ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற ஜான் கெரி இங்கே வந்துதான் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2006-இல் மாநில கவர்னர் மிட் ராம்னி, எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் சட்டத்தில் மேளதாளத்தோடு இங்கே கையெழுத்திட்டார். ஆறு வருஷம் கழித்து ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, ஒபாமா கொண்டுவந்த அதே மாதிரியான சட்டத்தை ஒழிப்பேன் என்று ஊர் ஊராகப் பேசினார். தோற்றார். 2013-இல் ஒபாமா ஃபேன்யூல் ஹாலுக்கே வந்து, இங்கே பிறந்த யோசனைதானே ஐயா இது என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

கடைசிப் பஞ்சாயத்து பெயரைப் பற்றியது. அடிமை வியாபாரியின் பெயர் சுதந்திரத்தின் தொட்டிலுக்கு எதற்கு என்று சில ஆண்டுகளாகவே போராட்டம். என்னைக் கேட்டால் கேள்வி நியாயமானது; கேட்க இவ்வளவு காலம் ஆனதுதான் அநியாயம். 2023 அக்டோபரில் நகரசபை பெயரை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆதரவு 10, எதிர்ப்பு 3. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரை மாற்றும் அதிகாரம் நகரசபைக்குக் கிடையாது. அது நகரத்தின் கட்டடங்களைக் கவனிக்கும் வேறொரு ஆணையத்தின் கையில் இருக்கிறது. மாற்றினால் கண்டிக்க ஒரு கூட்டம் தயார், மாற்றாவிட்டால் கண்டிக்க இன்னொரு கூட்டம் தயார். இரண்டு கூட்டத்தாரும் மண்டபம் கேட்டு எங்கே மனுப் போடுவார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.